சிறு குன்றுகளும் சாவகாசப் பிரயாணமும்

மலைப் பிரயாணம் என்றவுடன் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு உதகமண்டலமும் கொடைக்கானலும் ஏற்காடுமே நினைவுக்கு வரும். கம்பளிச் சட்டைகளைப் பெட்டியின் அடியிலிருந்து தேடி எடுக்க வேண்டும். தங்குவதற்கு இடம் பல வாரங்களுக்கு முன்னதாகவே ஏற்பாடு செய்ய வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளில் குழந்தைகளுக்குத் தலை சுற்றும். பெரியவர்களுக்கு வயிற்றைப் புரட்டும். இவ்வளவு பிரயாசைப்பட்டு மேலே போய்ச் சேர்ந்ததும், ஏரியில் அரை மணி நேரம் படகு, கடைத்தெருவில் ஒரு மணி நேரம் பேரம், மறுநாள் காலையில் இறக்கம். மலையைப் பார்த்தீர்களா என்று யாராவது கேட்டால், வண்டியின் ஜன்னல் வழியாகப் பார்த்தோம் என்றுதான் உண்மையாகச் சொல்ல முடியும்.

மலை என்றால் ஏழாயிரம் அடி உயரம் இருந்தே தீர வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்திலும் விதி இல்லை. ஐந்நூறு அடிக் குன்றும் மலைதான். அதில் ஏறினாலும் மூச்சு வாங்கும். உச்சியில் காற்று வீசும். கீழே விட்டு வந்த ஊர் சிறுத்துப் போய் அழகாகத் தெரியும். அத்தகைய குன்றுகள் சென்னைக்கு அருகிலேயே, செங்கற்பட்டுக்கும் மாமல்லபுரத்துக் கடலுக்கும் இடையே வரிசையாக இருக்கின்றன. பாட்டியும் பேரனும் கை கோத்துக்கொண்டு ஏறக் கூடிய குன்றுகள் அவை.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்தின் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். மோட்டாரில் போனால் ஒரு மணி நேரத்திற்குள் முடிந்துவிடும். நாம் இங்கே சொல்ல வருவது, இந்த முப்பது கிலோமீட்டருக்கு முழுசாக இரண்டு நாட்கள் ஒதுக்க வேண்டும் என்பதே. பல ஆண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளையும் வீட்டுப் பெரியோர்களையும் இவ்வழியே அழைத்துச் சென்று வந்த அனுபவத்தின் பேரில் இதைச் சொல்லுகிறோம்.

வழி சொல்லுவது தமிழர்களுக்குப் புதிய காரியம் அல்ல. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு இன்ன வழியே போ, இன்ன இடத்தில் இன்ன உணவு கிடைக்கும் என்று எடுத்துரைப்பதையே நம் முன்னோர் ஆற்றுப்படை என்னும் தனி இலக்கிய வகையாக ஆக்கி வைத்தார்கள். அவற்றுள் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை இந்தத் தொண்டை நாட்டு வழிகளைப் பற்றியதே. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனிடம் பாணனை அனுப்பிவைக்கும் அந்தப் பாட்டில் யாருக்கும் அவசரம் இல்லை. முல்லை நிலத்தில் நின்று, மருத நிலத்தில் உண்டு, கடற்கரைப் பட்டினத்தையும் பார்த்துவிட்டுத்தான் பாணன் அரசனிடம் போய்ச் சேருகிறான்.

ஏரிக் கரையில் தொடக்கம்

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மின்சார ரயிலே சௌகரியமானது. செங்கற்பட்டை நெருங்கும்போது ரயில் கொளவாய் ஏரியின் ஓரமாகவே வரும். ஏரியின் மறு கரையில் தணிந்த குன்றுகள் நீருக்குள் தலைகீழாகத் தெரியும். அதிகாலை ரயிலில் வந்தால் இந்தக் காட்சிக்காகவே வந்தது போதும் என்று தோன்றும்.

ஊரில் பழைய கோட்டையின் எச்சங்கள் இருக்கின்றன. விஜயநகர அரசர்களின் காலத்தில், பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த கோட்டை அது. 1751-ல் பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பிடித்தார்கள். 1752-ல் கிளைவ் அவர்களிடமிருந்து பறித்தான். அந்நியர் இருவர் நம் ஏரிக் கரையில் நின்று சண்டையிட்ட அந்த நாட்களில், இப்பக்கத்து உழவன் நாற்றங்காலைக் காப்பாற்ற என்ன பாடு பட்டிருப்பான் என்று நினைத்துப் பார்ப்பது சரித்திர பாடத்துக்கு நல்ல தொடக்கம்.

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் பஸ் உண்டு. சொந்த வண்டியில் வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வண்டியை நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். இந்தச் சாலையின் அழகெல்லாம் இரு பக்கமும் மாறி மாறி வரும் நெல்வயலிலும், ஏரிக் கரைப் பனைகளிலும், திடீரென்று நிலத்தைப் பிளந்து எழுந்தது போல நிற்கும் கற்குன்றுகளிலும் இருக்கிறது. வேகமாகப் போகிறவர்களுக்கு இவை மூன்றும் ஒன்றாகக் குழம்பிப் பச்சையும் சாம்பலுமான ஒரு கோடாகத் தெரியும்.

கல்லின் வயது

இந்தக் குன்றுகளைப் பார்த்ததும், இமயமலையைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளைகள் சிறிது அலட்சியமாகவே முகத்தை வைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்லலாம். இமயம் எழத் தொடங்கி ஏறக்குறைய ஐந்து கோடி ஆண்டுகள் ஆகின்றன. சென்னையைச் சுற்றியுள்ள இக்குன்றுகளின் கல் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன் உண்டானது. இமயம் இவற்றின் எதிரே நேற்றுப் பிறந்த குழந்தை. காற்றும் மழையும் தேய்த்துத் தேய்த்து, இப்போது எலும்பு மட்டும் மிஞ்சிய முதியவரைப் போல இவை நிற்கின்றன.

இந்தக் கல்லுக்கு உலகெங்கும் வழங்கும் பெயர் சார்னோக்கைட். பெயர் வந்த கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கிலேயனின் கல்லறை இருக்கிறது. தாமஸ் ஹாலண்டு என்னும் நிலவியலறிஞர் அந்தக் கல்லறைக் கல்லை ஆராய்ந்து, அது நம் பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கல்லே என்று கண்டு, 1893-ல் புதைக்கப்பட்டவனின் பெயரையே கல்லுக்கும் சூட்டினார். கல் நம்முடையது, பெயர் மட்டும் அதன் அடியில் படுத்திருப்பவனுடையது!

அதே பல்லாவரத்தில் 1863-ஆம் ஆண்டு ராபர்ட் புரூஸ் பூட் என்பவர் சரளை தோண்டிய குழி ஒன்றில் மனிதன் கையால் செதுக்கிய கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதற் சான்று அதுவே. ஆகவே இந்தப் பக்கத்தில் கல்லைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் பல்லவர்களுக்கும் வெகு காலம் முற்பட்டது.

வல்லத்துக் குன்று

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் சாலையில் மூன்று நான்கு கிலோமீட்டர் சென்றால் வல்லம் என்ற சிற்றூர். பெரும்பாலோர் இதைக் கவனியாமலே கடந்து போகிறார்கள். சாலையை விட்டுச் சிறிது உள்ளே சென்று ஏறினால், பாறையில் குடைந்த பல்லவர் காலத்துக் கோயில்கள் இருக்கின்றன. ஏற்றம் மிகவும் எளியது. முழங்கால் வலிக்காரர்களும் நின்று நின்று ஏறிவிடலாம்.

மேலே உள்ள குடைவரை ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில், மகேந்திரவர்ம பல்லவரின் காலத்தில் அமைந்தது. தூண்களைப் பாருங்கள்: அடியிலும் முடியிலும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. பூவேலை, கொடிவேலை எதுவும் இல்லை. மரத்தையும் செங்கலையும் விட்டு முதன்முதலாகக் கல்லில் கோயில் செய்யத் துணிந்தவர்களின் கை இன்னும் தயங்கிக்கொண்டிருந்த காலம் அது. வாயிற்காவலர்கள் மட்டும் கதையை ஊன்றிக்கொண்டு தயக்கமின்றி நிற்கிறார்கள்.

தூணில் உள்ள தமிழ்க் கல்வெட்டை அன்பர்கள் தவறாமல் பார்க்க வேண்டும். பகாப்பிடுகு, லளிதாங்குரன், சத்துருமல்லன், குணபரன் என்று மன்னரின் விருதுப் பெயர்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, அவருக்கு அடங்கிய ஒரு சிற்றரசரின் மகனான கந்தசேனன் இக்கோயிலைச் செய்வித்தான் என்று அது கூறுகிறது. பேரரசர்களின் பெயர்கள் பாடப் புத்தகத்தில் இருக்கும். கந்தசேனனின் பெயரோ இந்தக் குன்றில் ஏறிவருகிறவர்களுக்குத்தான் கிடைக்கும். நம் மாணவர்களில் ஒருவன் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, தன் சொந்தக்காரரைச் சந்தித்தவன் போலச் சிரித்ததுண்டு.

வேதகிரியில் ஏற்றம்

வல்லத்திலிருந்து புறப்பட்டுக் காலை எட்டு மணிக்குள் திருக்கழுக்குன்றம் சேர்ந்துவிட வேண்டும். செங்கற்பட்டிலிருந்து ஏறக்குறைய 14 கிலோமீட்டர் தூரத்தில், ஊர் முழுவதையும் தன் காலடியில் வைத்துக்கொண்டு நிற்கிறது குன்று. அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயில். உச்சியில் வேதகிரீசுவரர் கோயில். நான்கு வேதங்களும் மலைகளாக வந்து நின்றதாகவும், அவற்றின் மேல் இறைவன் எழுந்தருளியதாகவும் ஐதீகம். அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் இத்தலத்தைப் பாடியிருக்கிறார்கள்.

உயரம் ஏறக்குறைய ஐந்நூறு அடி. படிகள் ஐந்நூற்றுக்கு மேல். கோயில் மலையாதலால் செருப்பை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கற்படி தோசைக்கல்லாகிவிடும். எட்டு மணி என்று நாம் கண்டிப்பாகச் சொல்லுவதன் காரணம் இதுதான். ஐம்பது படிக்கு ஒரு முறை நின்று திரும்பிப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டால் பெரியவர்களுக்கும் சிரமம் தெரியாது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் காட்சி சிறிது மாறியிருக்கும். முதலில் வீட்டுக் கூரைகள், பிறகு கோபுரங்கள், பிறகு ஊருக்குக் கிழக்கே சங்கு தீர்த்தத்தின் பரந்த நீர், அப்புறம் வயல்களும் ஏரிகளும். உச்சியை அடைந்தால், தெளிந்த நாட்களில் கிழக்கே கடல் ஒரு நீல வரம்பாகப் புலப்படும்.

சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை சங்கு தோன்றுகிறது என்பது இவ்வூரின் பெருமை. கடலில் பிறக்க வேண்டிய சங்கு நன்னீர்க் குளத்தில் மிதந்து வருவதைக் காணப் பெருங்கூட்டம் சேரும். பௌர்ணமி தோறும் மலையை வலம் வருகிறவர்களும் உண்டு. மேலே ஏற முடியாத பெரியோர்களுக்கு அந்த வலமே ஏற்றது: மலையைச் சுற்றி நடக்கும்போது அதன் முகம் எத்தனை விதமாக மாறுகிறது என்பதை ஏறுகிறவர்களைக் காட்டிலும் அவர்களே நன்றாகப் பார்க்கிறார்கள்.

வராத விருந்தாளிகள்

ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. பட்சி தீர்த்தம் என்றும் இதற்கு ஒரு பெயர். நாள்தோறும் உச்சிப்பொழுதில் இரண்டு கழுகுகள் வானத்திலிருந்து இறங்கிவந்து, குன்றின் மேல் ஒரு பாறையில் வைத்த சர்க்கரைப் பொங்கலை உண்டு போகும். சாபத்தால் பறவைகளான முனிவர்கள் அவர்கள் என்றும், காசியில் நீராடி, இங்கே உணவருந்தி, இராமேசுவரத்துக்குச் செல்லுகிறார்கள் என்றும் ஜனங்கள் நம்பினார்கள். அந்தப் பறவைகளைப் பார்க்கவே நாட்டின் பல மூலைகளிலிருந்தும் யாத்திரிகர்கள் வந்தார்கள். வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் கொண்ட அந்தப் பறவையை இன்று பறவை நூலோர் மஞ்சள்முகப் பாறு என்கிறார்கள்.

1990-களின் இறுதிக்குப் பிறகு அவை வரவில்லை.

அதே ஆண்டுகளில்தான் நாடு முழுவதும் பாறுக் கழுகுகள் மறைந்துகொண்டிருந்தன. காரணத்தை 2004-ல் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். மாடுகளின் வலிக்குக் கொடுத்த டைக்ளோபினாக் என்ற மருந்து, செத்த மாட்டின் உடலில் தங்கி, அதைத் தின்ற பறவைகளின் சிறுநீரகங்களைக் கெடுத்துக் கொன்றது. வெண்முதுகுப் பாறு என்ற இனத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் மாண்டன. மஞ்சள்முகப் பாறுகளும் பெரிதும் குறைந்தன. கால்நடைகளுக்கு அம்மருந்தைக் கொடுக்கக் கூடாது என்று 2006-ல் இந்திய அரசு தடை விதித்தது. தடை வந்தபோது விருந்தாளிகள் வருவது நின்று பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

யாரும் அம்பெய்து அவற்றைக் கொல்லவில்லை. மாட்டின் வலியைப் போக்க வேண்டும் என்ற இரக்கமே காரணமாக இருந்தது. நன்மை செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டே நாம் எதை இழக்கிறோம் என்று அவ்வப்போது அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பதற்கு, அந்த வெற்றுப் பாறையை விட நல்ல பாடம் வேறு இல்லை. குழந்தைகளை அங்கே சிறிது நேரம் உட்கார வைத்து இந்தக் கதையைச் சொல்லுவது நம் வழக்கம்.

பாறையில் எழுதிய பெயர்கள்

இறங்கும் வழியில் ஒருகல் மண்டபம் இருக்கிறது. ஒரே பாறையைக் குடைந்து செய்த பல்லவர் குடைவரை. வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் என்ற பெயரோடு இத்தலத்துக்குக் கல்வெட்டுத் தொடர்பு உண்டு. கந்தசிஷ்யன் என்ற பழைய அரசர் இக்கோயிலுக்கு அளித்த நிலக்கொடையை அவர் காத்ததாகவும், அதனை முதலாம் ஆதித்த சோழர் மீண்டும் நிலைநாட்டியதாகவும் ஒரு கல்வெட்டு கூறுகிறது. மூன்று அரசர்களின் கைகள் மாறியும் ஒரு கோயிலின் நிலம் கோயிலிடமே இருந்தது என்பது சாமானிய விஷயம் அல்ல.

அதே மண்டபத்தின் கல்லில் வேறு சில எழுத்துக்களும் காணப்படுகின்றன. கடற்கரையில் சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் நடத்திய டச்சுக்காரர்கள், பதினேழாம் நூற்றாண்டில் இங்கே உல்லாசமாக வந்து தங்கள் பெயர்களையும் ஆண்டுகளையும் வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இன்று பாறையில் பெயர் கீறினால் நாம் பிரம்பை எடுக்கிறோம். முந்நூறு ஆண்டு கழிந்துவிட்டால் அதையே சரித்திரச் சான்று என்று கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறோம்! ஆயினும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட வேண்டும்: கந்தசேனன் ஒரு கோயிலைச் செய்துவிட்டுத் தன் பெயரை எழுதினான், டச்சுக்காரர்கள் பிறர் செய்த கோயிலில் தங்கள் பெயரை எழுதினார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எந்த வயதிலும் புரியும்.

பகற்பொழுதை அடிவாரத்தில் கழிக்கலாம். கட்டுச்சாதத்தை உண்டு, நிழலில் சிறிது கண்ணயர்ந்து, மாலையில் கோயில் திறந்ததும் பக்தவத்சலேசுவரரைத் தரிசித்துவிட்டு மாமல்லபுரம் நோக்கிப் புறப்படலாம். அந்தி வெயில் முதுகுப் பக்கம் இருக்க, கிழக்கே நீண்டு விழும் நம் வண்டியின் நிழலைத் துரத்திக்கொண்டே போவது போல இருக்கும். உப்பங்காற்று முகத்தில் பட்டதும் முதல் நாள் முடிந்தது.

கடலோரத்துக் கற்குன்று

இரண்டாம் நாள் சூரியோதயத்துக்குக் கடற்கரையில் இருங்கள். கடலைப் பார்த்து நிற்கும் கடற்கரைக் கோயிலை இராஜசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மர் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுப்பித்தார். காலையின் முதல் வெயில் அதன்மீது விழும்போது, பன்னிரண்டு நூற்றாண்டுகளாக உப்புக் காற்று அரித்த கல் ஒரு கணம் புதிதாகிறது.

ஆனால் மாமல்லபுரத்துக்கு வருகிறவர்களில் பலர் அறியாத விஷயம், இங்கே ஏறுவதற்கு ஒரு குன்று இருப்பதுதான். கடற்கரைக் கோயில், அர்ச்சுனன் தபசு, ஐந்து ரதங்கள் என்று மூன்றையும் முடித்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். ஊரின் நடுவே தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் பாறைக் குன்றில் காலாற நடந்தால், பத்துக்கு மேற்பட்ட குடைவரைகளையும், முடியாமல் நின்ற வேலைகளையும் கண்டு வரலாம். உயரம் மிகச் சிறியது. இரண்டு மணி நேரம் போதும். அரை நாள் இருந்தாலும் அலுக்காது.

அர்ச்சுனன் தபசு என்னும் பாறைச் சிற்பம் ஏறக்குறைய 96 அடி நீளமும் 43 அடி உயரமும் உள்ளது. கிழக்கு நோக்கியதாகையால் காலை வெளிச்சமே அதற்கு உகந்தது. தவம் செய்பவர் அர்ச்சுனனா, பகீரதனா என்று புலவர்கள் வாதம் செய்யட்டும். யானையின் காலடியில் ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் பூனையையும், அதை நம்பிக் கைகூப்பும் எலிகளையும் குழந்தைகள் தாங்களாகவே கண்டுபிடிக்க விட்டுவிடுங்கள். அருகே சரிவில் நிற்கும் வெண்ணெய்த் திரளைப் பாறையின் எடை 250 டன் அளவுக்கு இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அது உருண்டுவிடும் என்று பயப்படாத குழந்தையும் இல்லை. அதன் அருகில் சறுக்கி விளையாடாத குழந்தையும் இல்லை.

அங்கிருந்து பாறை மேலேயே தெற்கு நோக்கி நடக்கலாம். வராக மண்டபத்தையும், விஜயநகரக் காலத்தில் தொடங்கி நின்றுபோன இராயர் கோபுரத்தையும் கடந்தால் மகிஷாசுரமர்த்தினி குகை. ஒரு பக்கச் சுவரில் சிங்கத்தின் மேல் ஏறி அம்பு தொடுக்கும் தேவி. எதிர்ப் பக்கச் சுவரில் பாம்பணையில் துயிலும் திருமால். ஒன்றில் எல்லாம் அசைகிறது. மற்றதில் எல்லாம் அடங்கியிருக்கிறது. நடுவில் நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்க்க வேண்டும்.

குகைக்கு மேலே, குன்றின் உச்சியில் ஓலக்கண்ணேசுவரர் கோயில் என்ற பழைய கட்டடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இதன் மேல் விளக்கு வைத்துக் கப்பல்களுக்கு வழி காட்டினார்கள். பக்கத்திலேயே கல்லால் கட்டிய கலங்கரை விளக்கம் 1904-ல் செயற்படத் தொடங்கியது. முதலிற் சொன்ன பெரும்பாணாற்றுப்படையிலும் இந்தத் தொண்டை நாட்டுக் கடற்கரையில் இரவில் விளக்கேற்றி மரக்கலங்களை அழைக்கும் உயர்ந்த மாடம் ஒன்று வருகிறது. இடம் சிறிது மாறியிருக்கலாம், வேலை மாறவில்லை.

குன்றில் நடக்கும்போது, முடிக்காமல் விட்ட குடைவரைகளின் முன் சிறிது அதிகமாகவே நில்லுங்கள். பாறையின் முகத்தைச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, கட்டங்களின் ஓரமாகக் காடி வெட்டி, நடுவில் மிஞ்சிய கல்லைத் தட்டித் தட்டி எடுத்த முறை அங்கே அப்படியே தெரிகிறது. ஐந்து ரதங்களிலும் மேற்பகுதி முடிந்து அடிப்பகுதி முடியாமல் இருப்பதைக் காணலாம். வேலை மேலிருந்து கீழே நடந்ததற்கு அதுவே அடையாளம். நிறைவேறிய சிற்பம் நம்மைக் கைகூப்பச் செய்கிறது. நிறைவேறாத சிற்பமோ உளி பிடித்த மனிதனை நம் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. ஊருக்குள் இன்றும் அந்த உளி ஓசை ஓயவில்லை. 1957-ல் தொடங்கிய சிற்பப் பள்ளியில் பயின்றவர்களும், பரம்பரைத் தொழிலாளர்களும் தெருவெங்கும் கல் செதுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

மாலையில் வடக்கே ஐந்து கிலோமீட்டரில் உள்ள சாளுவன்குப்பத்துக்குப் போகலாம். யாளித் தலைகள் வளைத்து நிற்கும் புலிக்குகை அங்கேதான் இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த ஆழிப் பேரலை இந்தக் கரையில் பலரின் வாழ்வைக் குலைத்தது. அதே அலை மணலை அரித்துவிட்டதில் கல்வெட்டுள்ள பாறை ஒன்று வெளிப்பட்டது. அதைத் தொடர்ந்து தோண்டியபோது பழைய முருகன் கோயில் ஒன்று கிடைத்தது. பல்லவர் காலத்துக் கல் வேலைக்கு அடியில் அதனினும் பழைய செங்கல் கோயில். அது சங்க காலத்தது என்று அகழ்ந்தவர்கள் கருதுகிறார்கள். பல நூற்றாண்டு மணலுக்குள் காத்திருந்து, தன்னைத் தேடி வந்தவர்களுக்குத் தன்னைக் காட்டியது அது.

பெயரில்லாத குன்றுகள்

இவ்வளவு நேரம் நாம் சொன்னவை எல்லாம் பெயர் பெற்ற குன்றுகள். கோயிலோ சிற்பமோ இருப்பதால் அவற்றுக்குக் காவல் உண்டு. மாமல்லபுரத்துச் சின்னங்களை 1984-ல் ஐக்கிய நாடுகளின் கல்வி, பண்பாட்டு அமைப்பு உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றது. ஆனால் இந்தச் சாலையில் சாவகாசமாகப் போகிறவர்கள் வேறொரு வகைக் குன்றையும் பார்ப்பார்கள். ஒரு பக்கம் முழுக் குன்று. மறு பக்கம் கத்தியால் வெட்டிய வெல்லக் கட்டியைப் போலச் செங்குத்தான வெட்டு. அடியில் லாரிகள், மேலே புழுதி.

நாட்டுக்குச் சாலை வேண்டும், பாலம் வேண்டும், வீடு வேண்டும். இவற்றுக்கு ஜல்லி வேண்டும். ஜல்லி குன்றிலிருந்துதான் வர வேண்டும். நாமும் ஜல்லி போட்ட கூரையின் கீழேதான் குடியிருக்கிறோம். ஆகையால் கல் உடைப்பவர்களின் மேல் கோபித்துக்கொள்வதில் நியாயம் இல்லை. ஆனால் 250 கோடி ஆண்டு நின்ற ஒன்றை எடுக்கும் முன், எதை எடுப்பது, எதை விடுவது என்று ஒரு முறையாவது ஊர் கூடி யோசித்ததா என்று கேட்க உரிமை உண்டு. குன்று போன இடத்தில் குழி மிஞ்சுகிறது; குழியில் மழை நீர் தேங்குகிறது. 2017-ஆம் ஆண்டு வறட்சியில், சென்னைக்கு அருகே சிக்கராயபுரத்துப் பழைய கல் குவாரிக் குட்டைகளின் நீரைச் சுத்திகரித்து நகரத்துக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். குழிக்கும் ஒரு பிரயோஜனம் கிடைத்ததே என்று சந்தோஷப்படலாம். ஆனால் குழியிலிருந்து குன்றைத் திரும்பப் பெற எந்த விஞ்ஞானமும் இல்லை.

பிள்ளைகளோடு சென்ற ஒரு முறை, இப்படிப் பாதி வெட்டிய குன்று ஒன்றைக் காட்டி ஒரு சிறுவன், “இதன் பெயர் என்ன, ஐயா?” என்று கேட்டான். சாலையோரத்தில் நுங்கு விற்ற கிழவரிடம் விசாரித்தோம். “முன்னே ஒரு பேர் சொல்லுவாங்க, இப்போ யாருக்கு ஞாபகம் இருக்கு?” என்றார் அவர். குன்று பாதிதான் போயிருந்தது. பெயர் முழுவதுமே போய்விட்டது. முதலில் பெயர் போகிறது, பிறகு குன்று போகிறது என்பதை அன்று பிள்ளைகளோடு சேர்ந்து நாமும் கற்றுக்கொண்டோம்.

இதற்கு மாறான ஓர் உதாரணமும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. செங்கற்பட்டுக்குத் தெற்கே வேடந்தாங்கல் கிராமத்து மக்கள், தங்கள் ஏரி மரங்களில் வந்து கூடு கட்டும் நீர்ப்பறவைகளைப் பரம்பரையாகக் காத்து வந்தார்கள். எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்று அவர்களுக்குத் தெரியும். பறவைகளைக் காக்கும் தங்கள் உரிமையை அங்கீகரித்து, 1798-ல் அப்போதைய கலெக்டர் லயனல் பிளேஸிடமிருந்து அவர்கள் எழுத்து மூலமாகவே உத்தரவு பெற்றார்கள். அதிகாரமோ படிப்போ இல்லாத கிராமத்தார் அவர்கள். ஆண்டுதோறும் வரும் பறவைகளை அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே காப்பாற்ற முடிந்தது. இன்றும் கார்த்திகை முதல் மாசி வரை அங்கே மரம் தெரியாமல் பறவைகள் அமர்ந்திருக்கின்றன. இரண்டு நாட்களுடன் மூன்றாவது நாள் ஒன்றைச் சேர்த்துக்கொள்ள முடிந்தவர்கள் அங்கும் சென்று வரலாம்.

புறப்படுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். மார்கழி, தை, மாசி மாதங்களே ஏற்ற காலம். அக்கினி நட்சத்திரத்தில் இந்தப் பாறைகளின் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர், தலைக்கு ஒரு துணி, பெரியவர்களுக்கு ஒரு கைத்தடி போதும். தின்பண்டத்தைக் குரங்குகள் கண்ணில் படும்படி எடுத்துச் செல்ல வேண்டாம். குழந்தைகளுக்கு ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் கொடுங்கள். வழியில் தென்படும் ஒவ்வொரு குன்றின் பெயரையும் அவ்வூர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பெயரில்லாத குன்றைச் சர்வே எண்ணாக மாற்றிவிடுவது சுலபம். ஒரு குடும்பம் ஏறி, உட்கார்ந்து, கட்டுச்சாதம் சாப்பிட்டு, பெயர் சொல்லி அழைத்த குன்றை அப்படி மாற்றிவிட முடியாது. அது இல்லாமற் போனால், இல்லாமற் போயிற்று என்று சொல்லுவதற்காவது நாலு பேர் இருப்பார்கள்.